கார் ஏசி கம்ப்ரஸர் கசிகிறது: கேஸ் போட்டு ஓட்டுவதா, நாமே கழற்றுவதா, புதுசு வாங்குவதா?

கத்திரி தொடங்கி நாலாவது நாள், மதியம் இரண்டு மணி, சென்னை கத்திப்பாரா இறக்கத்தில் வண்டி நின்று நின்று போகிறது. பின் சீட்டில் அம்மா. ஏசியில் வருவது வெறும் காற்று. அதற்கு ஏழு வாரம் முன்புதான் கேஸ் போட்டிருந்தேன். அதற்கும் முன்னால் பொங்கல் கழிந்து ஒரு தடவை. தடவைக்கு 1,800 ரூபாய்.

மூன்றாவது முறை போனபோது கேஸ் போடும் கடையில், "கம்ப்ரஸர் லீக் சார், மாத்திடுங்க, புதுசு பதினாறாயிரத்து சொச்சம் ஆகும்" என்றார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன், "அவ்வளவு எதுக்கு, புதுப்பேட்டையில பழசு நாலாயிரத்துக்குக் கிடைக்கும், நான் போட்டுத் தர்றேன்" என்றார். அலுவலக நண்பர் ஒருவர் சீல் கிட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையங்கள்) வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்றார். மூன்றையும் ஏதோ ஒரு அளவுக்குச் செய்து பார்த்தோ, கடை வரை போய் விசாரித்தோ விட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஆயிரம் ரூபாயும் ஒரு வாரமும் மிச்சமானால் நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸரை வண்டியிலிருந்து கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். கேஸை வெளியே எடுப்பதும் உள்ளே ஏற்றுவதும் வீட்டில் செய்யக் கூடாத வேலை. சீல் மாற்றுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அது உங்கள் கம்ப்ரஸரின் வகையைப் பொறுத்தது. அப்புறம், ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்குப் பதில் விலையில் இல்லை, கம்ப்ரஸருக்குள் இருக்கும் ஆயிலின் நிறத்தில் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால், கசிவது கம்ப்ரஸர்தானா? இதை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கேஸ் குறைந்துவிட்டது என்றால் கம்ப்ரஸர் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். கேஸ் போக எத்தனையோ வழி இருக்கிறது. பைப் சேரும் இடங்களில் உள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், கேஸ் போடும் வாயில் இருக்கும் குட்டி வால்வு (சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரியேதான்), வண்டி முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். திருவான்மியூரில் கடலை ஒட்டிய தெருவில் என் மைத்துனர் வண்டியை வெட்டவெளியில் நிறுத்துவார். அவருக்கும் கம்ப்ரஸர் என்றுதான் சொன்னார்கள். பார்த்தால் கன்டென்சரின் கீழ் ஓரத்தில் உப்புக்காற்று அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது, அங்கே எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரஸரை மாற்றியிருந்தால் பணமும் போய் கசிவும் நின்றிருக்காது.

கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதோடு சேர்ந்து சுற்றும் ஆயில் தெரியும். அதுதான் நமக்குக் கிடைக்கும் துப்பு. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வரும், அதில் தூசி ஒட்டிக் கருப்பாகப் படியும். கம்ப்ரஸரின் முன்பக்கம், பெல்ட் ஓடும் பக்கம், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அது போனால், பெல்ட்டின் சுழற்சியைக் கம்ப்ரஸரோடு இணைத்தும் விடுவித்தும் சுற்றுகிற கிளட்ச் தட்டு அந்த ஆயிலை வட்டமாக வீசியடிக்கும். கிளட்சைச் சுற்றி ஒரு எண்ணெய்க் கோடு, சில வண்டிகளில் பக்கத்துப் பாகங்களிலும் அதே மட்டத்தில் ஒரு கோடு இருந்தால் அநேகமாக ஷாஃப்ட் சீல். கம்ப்ரஸர் உடம்பு இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கியது. அந்த இணைப்புக் கோட்டில் ஈரம் இருந்தால் உள்ளே உள்ள பெரிய ஓ-ரிங். பின்பக்கம் பைப் வந்து உட்காரும் இடத்தில் ஈரம் என்றால் உங்களுக்கு நல்ல காலம், அது ஐம்பது ரூபாய் ஓ-ரிங்.

இதை உறுதிப்படுத்த, கேஸ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, இன்ஜின் ஆறிய பிறகு, பிரஷ்ஷால் தடவி டார்ச் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வேகமாகக் கசிந்தால் நுரை பொங்கும். என்னுடையதைப் போல ஏழு வாரத்தில் காலியாகிற கசிவுக்கு நுரை சரியாகக் காட்டிக்கொடுக்காது. அதற்கு கேஸ் போடும்போதே புற ஊதா விளக்கில் மின்னும் சாயம் கொஞ்சம் சேர்க்கச் சொல்ல வேண்டும். பத்து நாள் ஓட்டிவிட்டு இரவில் அந்த நீல டார்ச்சை அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். எனக்கு கிளட்சுக்குப் பின்னால் மோதிரம் மாதிரி ஒளிர்ந்தது. அப்போதுதான் ஷாஃப்ட் சீல் என்று நம்பினேன். ஒன்று, லேசான ஈரம் மட்டும் இருந்து வருடக்கணக்கில் குளிர்ச்சி குறையவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். ஷாஃப்ட் சீல் துளி ஈரம் விடுவது சகஜம்.

சரி, இனி ஒவ்வொரு வழியாக.

கேஸ் போட்டுக்கொண்டே ஓட்டுவது. பலரும் செய்வது இதுதான், கையில் இருந்து ஒரே நேரத்தில் பெரிய தொகை போகாது என்பதால். ஏழு வாரத்துக்கு ஒரு தடவை 1,800 என்றால் வருடத்துக்கு ஏழு தடவை, 12,600 ரூபாய். இரண்டு வருடக் கசிவுக்குக் கொட்டும் பணத்தில் புதுக் கம்ப்ரஸரே வந்துவிடும். ஆனால் பணத்தைவிட மோசம் ஆயில். ஒவ்வொரு தடவை கேஸ் போகும்போதும் கொஞ்சம் ஆயில் போகிறது, கேஸ் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆயிலைத் திரும்ப ஊற்றுவதில்லை. அதோடு கேஸ் குறைவாக இருக்கும்போது குழாய்களில் இருக்கும் ஆயிலைக் கம்ப்ரஸருக்குத் திரும்ப இழுத்துவரும் ஓட்டமும் குறைகிறது. அந்தக் கேஸின் குளிர்ச்சியில்தான் கம்ப்ரஸரும் சூடு தணிகிறது. ஆயிலும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் சென்னை டிராஃபிக்கில் ஓடும் கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேயத் தொடங்கும், ஐநூறு ரூபாய் சீல் பிரச்சினை பதினாறாயிரம் ரூபாய்ப் பிரச்சினையாக மாறுவது இப்படித்தான். கேஸ் ரொம்பக் குறைந்தால் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்த ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது. சில இடங்களில் அதை ஒரு வயர் போட்டு இணைத்துவிட்டு "இப்ப ஓடுது பாருங்க" என்பார்கள். யாராவது உங்கள் வண்டியில் அப்படிச் செய்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டாப்-அப்பில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே ஊற்றுகிறார்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜில் தெரியும் அழுத்தம் அளவைச் சொல்லாது. உள்ளே திரவமாக ஒரு துளி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் 32 டிகிரி வெயிலில், கார் ஏசிக்கு ஏற்றும் ஆர்134ஏ கேஸ் சுமார் 100 பி.எஸ்.ஐ.தான் காட்டும். அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை, கேஸின் அளவு இல்லை. சின்னக் கார்களுக்கு மொத்தமே 350 முதல் 500 கிராம் வரைதான் கேஸ். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும், கூடிப்போனால் சிக்னலில் நிற்கும்போது அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் கிளட்ச் விட்டு விட்டு வேலை செய்யும். எனவே இருப்பதை முழுதும் வெளியே எடுத்து, எடை போட்டு ஏற்றுவது ஒன்றுதான் சரியான முறை.

கசிவை அடைக்கும் திரவம் என்று குப்பியில் ஒன்று விற்கிறார்கள். கேஸோடு சேர்த்து ஏற்றிவிட்டால் ஓட்டை தானாக அடைபடும் என்கிறார்கள். ரப்பரைக் கொஞ்சம் ஊற வைத்து உப்பச் செய்வது ஒரு வகை, ஈரம் பட்டால் இறுகிப் படிவது இன்னொரு வகை. இரண்டாவது வகை உள்ளே துளி ஈரம் இருந்தாலும் கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையிலேயே இறுகிவிடும். கேஸை உறிஞ்சும் மெஷினையும் கெடுக்கும் என்பதால் அது ஊற்றிய வண்டியை நல்ல கடைக்காரர் தொடவே யோசிப்பார். சுற்றுகிற ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் சீலை இது காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. வேண்டாம்.

இனி வீட்டில் சீல் மாற்றுவது. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

கார் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் என் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருந்த லேபிளின் படத்தைக் காட்டி சீல் வாங்கினேன், 650 ரூபாய். கார் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடல் காரில் வருடத்துக்கு வருடம் கம்ப்ரஸர் மாறியிருக்கும், லேபிளில் இருக்கும் எண்தான் கணக்கு. சர்க்ளிப் (பாகங்களை இடத்தில் பிடித்திருக்கும் வளையக் கிளிப்) எடுக்கும் பிளையரும் கிளட்ச் புல்லரும் சேர்த்து 900. கடையில் கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்துக்கொண்டார்கள், காலி சிஸ்டத்தோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

கேஸை ஏன் நாமே திறந்துவிடக் கூடாது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு நட்டைத் தளர்த்தினால் புஸ்ஸென்று போய்விடுமே என்று. முதல் காரணம் உங்கள் கண்ணும் கையும். ஆர்134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில், திரவமாகப் பட்ட இடத்தில் தோல் உறைந்துவிடும். மூடிய கராஜில் விட்டால் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி மூச்சு முட்டும். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. இந்தக் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அப்படியானால் 400 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 560 கிலோ. கிலோமீட்டருக்கு 120 கிராம் புகை விடும் ஒரு சின்னக் கார் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆறு தடவைக்கு மேல் போனால் வருகிற அளவு அது. கத்திரி வெயிலைப் பற்றிப் புலம்பிக்கொண்டே அதை நாமே செய்ய எனக்கு மனம் வரவில்லை. மெஷின் இல்லாத கடைக்காரரும் இதைத்தான் செய்கிறார், அதனால் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை. பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்து, பெல்ட் போகும் வழியை போனில் படம் பிடித்து, வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் மேல் இறக்கிவிட்டுத்தான் கீழே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே போகாதீர்கள். பைப்பைக் கழற்றிய அடுத்த நொடி பைப் வாயையும் கம்ப்ரஸர் வாயையும் பிளாஸ்டிக் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அடைத்துவிட வேண்டும். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தை நாம் குறைத்து எடை போடுகிறோம். இந்த ஏசியில் ஓடும் பி.ஏ.ஜி. ஆயில் ஈரத்தைப் பஞ்சு மாதிரி இழுக்கும். ஆயில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது அது கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் கையில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதைக் கவிழ்த்து ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடிப்பது. இந்த ஒரு டம்ளர் உங்களுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் முடிவைச் சொல்லும். தெளிவாக, அல்லது சாயத்தின் பச்சையோடு தெளிவாக இருந்தால் உள்ளே நலம், சீல் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. கருப்பாகவோ, வெயிலில் பிடித்தால் வெள்ளிப் பொடி மினுமினுப்பதாகவோ இருந்தால் உள்ளே உலோகம் தேய்ந்து உதிர்கிறது. அப்போது சீல் மாற்றுவது வீண். அந்தத் தூள் குழாய்களில் முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டாலும் அதையும் தின்றுவிடும். பைப்பைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்றி, நுண்குழாய் வைத்த இப்போதைய கன்டென்சர்களை உள்ளே கழுவ முடியாது என்பதால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு ஆயில் வடிந்தது என்று அளந்து எழுதி வையுங்கள், திரும்ப ஊற்றும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

என்னுடையது தெளிவாக இருந்தது. தைரியமாகக் கிளட்சைப் பிரித்தேன். நடு நட்டு, தட்டு, தட்டுக்குப் பின்னால் காகிதம் போல மெல்லிய வாஷர்கள் (இவற்றைத் தொலைத்தால் கிளட்ச் இடைவெளி கெட்டுவிடும், கிண்ணத்தில் போட்டு வையுங்கள்), சர்க்ளிப், புல்லி, காயில், அதன் பிறகு சீலைப் பிடித்திருக்கும் சர்க்ளிப், சீல். பழையதை எடுத்துவிட்டு ஆயில் தடவிப் புதியதைத் தள்ளினேன். உட்கார்ந்தது. டிரையர் 750 ரூபாய்க்கு மாற்றி, கடைக்குப் போய் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் இழுத்து) கேஸ் ஏற்ற 2,300. பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது.

ஒன்பது நாள் நின்றது. திரும்ப அதே இடத்தில் பச்சை மோதிரம்.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஷாஃப்ட் முனையில் கூர்மையான பள்ளமும் பற்களும் இருக்கும். சீலின் உதடு அவற்றைத் தாண்டிப் போகும்போது மயிரிழை வெட்டு விழுந்தாலும் போதும். அதைத் தவிர்க்க ஷாஃப்ட் முனையில் ஒரு வழுவழுப்பான கூம்பு உறை மாட்டி அதன் மேல்தான் சீலை நழுவவிட வேண்டும். எனக்கு சீல் விற்ற கடையில் அந்த உறை கிட்டில் வரவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. பழைய சீல் வருடக்கணக்கில் உரசிய இடத்தில் ஷாஃப்டில் லேசான ஒரு பள்ளக் கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டால் புது சீல் அங்கே நிற்காது. நான் துணியால் துடைத்துக் கண்ணால் பார்த்தேனே தவிர நகத்தால் தடவவில்லை.

அதனால் வீட்டில் சீல் மாற்றுவதைப் பற்றி நான் சொல்வது இதுதான். சீல் முன்பக்கத்திலிருந்தே கழன்று வரும் வகையா என்று முதலில் பாருங்கள். சில மாடல்களில் முன் மூடியையே பிரித்து உள்ளிருந்து எடுக்க வேண்டும், அவற்றைப் பிரித்து உள் ஓ-ரிங்குகளோடு சரியாக மூடுவது சமையலறை மேசையில் நடக்காது. கிளட்ச் இல்லாமல் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் புதிய வகைகளையும் விட்டுவிடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் பக்கத்தில் கூடப் போகாதீர்கள். அதன் கம்ப்ரஸர் பெரும்பாலும் ஓடுவது பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தில், ஆரஞ்சு நிற வயர் அதற்கான எச்சரிக்கைதான், அதில் ஊற்றும் ஆயிலும் வேறு. உறையோடு கூடிய கிட் கிடைத்து, ஷாஃப்ட் வழவழப்பாக இருந்து, ஆயில் தெளிவாக இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை அதைத்தான் செய்தேன். கேஸை எடுக்கச் சொல்லி, நானே கழற்றி, ஐந்து கிலோ போல இருந்த அந்தக் கம்ப்ரஸரை ஒரு பையில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு, கம்ப்ரஸர் மட்டும் பிரித்து வேலை பார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஷாஃப்டை நகத்தால் தடவிவிட்டு, "தம்பி, இந்த ஷாஃப்டுக்கு இந்த சீல் உட்காராது, உதடு கொஞ்சம் தள்ளி உட்கார்ற மாதிரி வேற ஒண்ணு போடுறேன்" என்றார். கிளட்ச் பேரிங்கையும் மாற்றினார். பிறகு நைட்ரஜன் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சுற்றிக் காட்டினார், ஒரு குமிழி இல்லை. மொத்தம் 2,800. இந்தத் தண்ணீர்ச் சோதனைதான் வீட்டுக்கும் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம். நான் வீட்டில் சீல் மாட்டியபோது அது பிடித்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை, கேஸ் ஏற்றிய பிறகுதான் தெரியும், அதற்குள் 2,300 ரூபாய் போயிருக்கும். சாதாரணக் காற்றை அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு, அதில் ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜன் அடிக்கவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

திரும்ப மாட்டியதும் நானே. அளந்து எழுதிய ஆயில் கணக்குப்படி அதே வகைப் புது ஆயில் ஊற்றி, எல்லா இணைப்புக்கும் புது ஓ-ரிங் போட்டு, கிளட்ச் தட்டை முதலில் பத்து சுற்றுக் கையால் சுற்றி (ஆயில் தேங்கிய நிலையில் நேராக இன்ஜினை ஓடவிட்டால் கம்ப்ரஸருக்குள் அடி விழும்), பைப் போல்ட்டை அளவோடு முடுக்கினேன். அலுமினியத் துளை, பலம் காட்டினால் மரை போய்விடும். டிரையரை மறுபடி மாற்றவில்லை, புதுசு போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, வாய்களையும் உடனே அடைத்திருந்தேன். கடையில் முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, பம்ப்பை நிறுத்தி இருபது நிமிடம் முள் அசைகிறதா என்று பார்த்து, ஸ்டிக்கர் கணக்கில் எடை போட்டு ஏற்றினார்கள். நம் ஊர் ஈரத்துக்கு இந்த வேக்கத்தில் யாரும் அவசரப்படக் கூடாது. குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அழுத்தம் குறையும்போதுதான் கொதித்து ஆவியாகி வெளியே வரும். பத்து நிமிடத்தில் "ஆச்சு சார்" என்றால் ஆகவில்லை என்று அர்த்தம்.

புதுப்பேட்டைக்கும் போனேன். கூவம் ஓரத்துக் கடைகளில் என் மாடலுக்கே நாலு கம்ப்ரஸர் எடுத்துப் போட்டார்கள், 4,500 சொல்லி 3,800-க்கு வந்தார்கள். கழற்றிய வண்டிகளின் நல்ல பாகங்கள் அங்கே நிச்சயம் கிடைக்கும், கண்ணாடி, கதவு, விளக்கு எல்லாம் நான் வாங்கியிருக்கிறேன், ஏமாற்றப்பட்டதில்லை. ஆனால் கம்ப்ரஸர் விஷயத்தில் தயங்கினேன். கழற்றியதிலிருந்து வாய் திறந்தபடி எத்தனை மாதம் கிடந்தது என்று தெரியாது, அதற்குள் இருக்கும் ஆயில் அத்தனை மாத ஈரத்தையும் குடித்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எத்தனை வண்டிகள் முங்கின என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி நின்ற வண்டியின் கம்ப்ரஸர் வெளியே துடைத்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். அப்புறம், அதன் சீலும் பத்து வருடம் பழையதுதானே! வாங்கத்தான் வேண்டும் என்றால் வாய்கள் அடைக்கப்பட்டதாகப் பாருங்கள், கவிழ்த்து ஆயிலைப் பாருங்கள், தட்டைக் கையால் சுற்றினால் சீராக, லேசாக எதிர்த்துச் சுற்ற வேண்டும், முழுக்க லொடலொடவென்றோ இறுகியோ இருக்கக் கூடாது. வாங்கியதை நேராக அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீல் மாற்றிச் சோதித்துவிட்டு மாட்டினால் நியாயமான வழிதான். உங்கள் பழைய கம்ப்ரஸரின் உள்ளே தேய்ந்து, புதுசுக்கு வசதி இல்லாதபோது மட்டும்.

ரீகண்டிஷன் (பழையதைப் பிரித்துப் புதுப்பித்தது) என்று 7,500 சொன்னார்கள். நல்ல ஆள் செய்தால் நல்லது, ஆனால் பெயிண்ட் அடித்ததெல்லாம் ரீகண்டிஷன் ஆகாது. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் சீல், பேரிங், உள் ஓ-ரிங் என்று பெயர் சொல்லி, ஆறு மாதமாவது எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்கலாம்.

புதுசு எனக்குச் சொன்ன விலை 16,500. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலைக்கூலி, கேஸ் எல்லாம் சேர்த்து 24,000 ஆனது மதிப்பீடு. வண்டிக் கம்பெனி பெட்டியில் வருவதும் சுப்ரோஸ், சாண்டன், ஹேனன் மாதிரி தயாரிப்பாளரின் பெட்டியில் வருவதும் பல சமயம் ஒரே பொருள்தான், தயாரிப்பாளர் பெட்டியில் கேட்டால் விலை குறையும். ஆயில் கருப்பாக இருந்தாலோ, ஓடும்போது உள்ளிருந்து கடகடவென்று சத்தம் வந்தாலோ, வண்டியை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருப்பதாக இருந்தாலோ தயங்காமல் புதுசு. ஒரு எச்சரிக்கை: புதுக் கம்ப்ரஸரில் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்குமான ஆயில் ஊற்றியே வரும். உங்கள் குழாய்களில் ஏற்கெனவே இருக்கும் ஆயிலும் சேர்ந்தால் அதிகமாகி குளிர்ச்சி குறையும். பழையதிலிருந்து வடிந்த அளவுக்கு மட்டும் புதியதில் விட்டுவிட்டு மிச்சத்தை வடிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த டம்ளர் கணக்கை எழுதி வைக்கச் சொன்னேன். வாரண்டி வேண்டும் என்றால் டிரையரும் மாற்றிய பில் கேட்பார்கள், பத்திரப்படுத்துங்கள்.

என் மொத்தச் செலவு: வீட்டில் செய்து தோற்ற முதல் சுற்றில் 4,600, இரண்டாம் சுற்றில் பட்டறை 2,800, ஓ-ரிங் 120, கேஸ் 2,300. ஆக 9,820. முதலிலேயே கழற்றுவதை மட்டும் நான் செய்து சீலைப் பட்டறையில் கொடுத்திருந்தால், டிரையரும் சேர்த்து 5,970-ல் முடிந்திருக்கும். கழற்றி மாட்டும் கூலி 1,500 என்று சொன்னார்கள், அதையும் கொடுத்து எதையும் தொடாமல் இருந்திருந்தால் 7,470. நாள் முழுக்க வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்ததற்கு மிச்சம் ஆயிரத்து ஐநூறு. அந்தப் பணம் உங்களுக்குப் பெரிதில்லை என்றால், அல்லது வண்டி நிறுத்தச் சமதளமான நிழல் இடம் இல்லாத ஃபிளாட் என்றால், முழுதையும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். எனக்கு ஆயிலை என் கண்ணால் பார்த்தது அந்த ஆயிரத்து ஐநூறைவிடப் பெரிது, அதைப் பார்க்காமல் பதினாறாயிரம் கொடுத்திருப்பேன்.

பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் மதியம் வடபழனி சிக்னலில் ஏசி வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 10 டிகிரி. மாதம் ஒரு தடவை இரவில் அந்த நீல டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன், கிளட்சுக்குப் பின்னால் இதுவரை எதுவும் ஒளிரவில்லை. ஷாஃப்டில் அந்தக் கோடு இருக்கத்தான் செய்கிறது, என்றாவது ஒரு நாள் திரும்பக் கசியும். அப்போது சீல் தேடமாட்டேன், புதுசுதான். லேபிள் எண்ணை எழுதி டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.